க்ரிட் சர்வீஸ் படிக்கணுமா? டைலர் ரசீதுல இருந்து ஆரம்பிங்க

ஓஜிஎஸ்ஏ, ஓஜிஎஸ்ஐ, டபிள்யூஎஸ்ஆர்எஃப், ஜேஎஸ்டிஎல், பிஇஎஸ்... க்ரிட்னா பல ஊர்ல, பல பேர்கிட்ட இருக்கற கம்ப்யூட்டர்களைச் சேத்து வேலை வாங்கறது; அந்தப் பாடத்துல வர்ற இந்தப் பேரெல்லாம் ஒரே பக்கத்துல வரிசையா பாத்துட்டு புக்கை மூடி வச்சவங்களுக்காக எழுதுறேன். அண்ணா யுனிவர்சிட்டி 2013 ரெகுலேஷன்ல ஏழாவது செமஸ்டர்ல க்ரிட் அண்ட் க்ளவுட் கம்ப்யூட்டிங்னு ஒரு பேப்பர் இருந்துச்சு, கூடவே லேப், அதுல க்ளோபஸ் டூல்கிட்ங்கற க்ரிட் சாஃப்ட்வேரைப் போட்டு கால்குலேட்டர் வெப் சர்வீஸ் (நெட்வொர்க் வழியா இன்னொரு ப்ரோக்ராம் கூப்பிடற ப்ரோக்ராம்) எழுதணும், அப்புறம் ஓஜிஎஸ்ஏவுக்கு ஒத்து வர்ற சர்வீஸ் ஒண்ணு எழுதணும். நான் பாத்த வரைக்கும் முக்காவாசிப் பேர் சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பாத்து எழுதி சைன் வாங்கினதோட சரி, கூட்டல் போடுற சர்வீஸுக்கு எதுக்குய்யா இவ்வளவு எக்ஸ்எம்எல்னு யாரும் கேக்கல. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம மேல என்ன படிச்சாலும் மண்டையில நிக்காது.

கையில வேண்டியது: லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப், அதுக்குள்ள ரெண்டு விர்ச்சுவல் மெஷின், ஜாவா 8 இல்லனா பைத்தான், சோப்யூஐ மாதிரி மெசேஜ் அனுப்பிப் பாக்குற டூல் ஒண்ணு. ஜாவா 8னு குறிப்பா சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஜாவா 11ல வெப் சர்வீஸ் எழுதுற பாக்கேஜையே ஜேடிகேல இருந்து தூக்கிட்டாங்க. பழைய ட்யூட்டோரியலை வச்சு புது ஜாவால கம்பைல் பண்ணா க்ளாஸ் கிடைக்கலன்னு கத்தும், நீங்க உங்க கோட்லதான் தப்புன்னு நெனச்சு ராத்திரி முழுக்க உக்காந்திருப்பீங்க. புது ஜாவாதான் வேணும்னா அபாச்சி சிஎக்ஸ்எஃப் தனியா சேத்துக்கோங்க.

மொதல்ல டைலர் கடை

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி துணியைத் தூக்கிட்டு டைலர்கிட்ட போறீங்க. அளவு எடுத்துட்டு ரசீது புக்ல எழுதி கிழிச்சு உங்ககிட்ட குடுக்குறார், அடிக்கட்டை அவர்கிட்ட இருக்கும். நாலு நாள் கழிச்சு உங்களுக்குப் பதிலா தம்பி போய் ரசீதை நீட்டினாலும் "காலர் மட்டும் பாக்கி, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லுவார். ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல ஒரு மாசத்துக்குள்ள வாங்கலனா நாங்க பொறுப்பில்லன்னு அடிச்சிருக்கும். சில கடையில தச்சு முடிச்சதும் அவங்களே ஃபோன் பண்ணுவாங்க.

சாதாரண வெப் சர்வீஸ் டீக்கடை மாதிரி, காசு குடுத்தா டீ, குடிச்சுட்டு போயிட்டே இருக்கலாம், அடுத்த தடவை போறப்ப நேத்து என்ன குடிச்சீங்கன்னு கடைக்காரர் ஞாபகம் வச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. ரெண்டையும் மூணையும் கூட்டுன்னா அஞ்சு, முடிஞ்சுது. ஆனா க்ரிட்ல நீங்க அனுப்புறது 6 மணி நேரம் ஓடுற சிமுலேஷன், அதுவும் எங்கயோ இன்னொரு ஊர்ல இருக்கற, உங்க கன்ட்ரோல்லயே இல்லாத க்ளஸ்டர்ல. 6 மணி நேரமும் ஒரு எச்டிடிபி கனெக்ஷனைத் திறந்து வச்சுட்டு காத்திருக்க முடியாது, அப்ப ரசீது வேணும். அந்த ரசீதை எந்த வடிவத்துல அடிக்கிறது, அடிக்கட்டை யார்கிட்ட இருக்கணும், எப்ப கிழிச்சுப் போடணும்ங்கற சண்டைதான் க்ரிட் சர்வீஸ் ஸ்டாண்டர்ட்ஸோட கதை. படிக்கறப்ப எந்தப் பேர் வந்தாலும் இது ரசீதுல எந்தப் பகுதின்னு கேட்டுப் பாருங்க.

க்ரிட்னா எதுன்னு ஒரு வரி. க்ளோபஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான இயன் ஃபாஸ்டர் 2002ல மூணு விஷயம் சொன்னார்: எல்லா மெஷினும் ஒரே ஆளோட கட்டுப்பாட்டுல இருக்கக் கூடாது, பொதுவான திறந்த புரோட்டோகால்ல பேசணும், கிடைக்கிற பலன் சும்மா சில்லறையா இல்லாம உருப்படியா இருக்கணும். முதல் விஷயம்தான் எல்லா தலைவலிக்கும் மூலம். ஜெனீவாவுல இருக்கற சேர்ன்ங்கற துகள் இயற்பியல் ஆராய்ச்சி மையத்துல இருந்து வர்ற டேட்டாவை 40க்கு மேற்பட்ட நாட்டுல 170 வாக்கில் சென்டர்கள் பங்கு போட்டு அலசுது, நம்ம மும்பை டிஐஎஃப்ஆரும் கொல்கத்தா விஇசிசியும் அதுல இருக்கு. வேலைகளை க்யூல நிறுத்தி ஓட்டற சாஃப்ட்வேர் ஒரு இடத்துல பிபிஎஸ், இன்னொரு இடத்துல கான்டர், அக்கவுன்ட் வேற, ஃபயர்வால் வேற, அட்மின் வேற. எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேர் போட சொல்ல முடியாது, அதனால உள்ள நீ என்ன வேணா வச்சுக்கோ, வெளிய இருக்கற கவுன்டர் மட்டும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு முடிவு பண்ணாங்க. சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்னு பெருசா சொல்றது இதைத்தான்.

சோப்பும் விஸ்டிலும்

சோப்ங்கறது வெப் சர்வீஸுக்குப் போற எக்ஸ்எம்எல் மெசேஜோட கவர். கவர் மேல எழுதறது ஹெட்டர், உள்ள இருக்கற லெட்டர் பாடி, ஏதாவது தப்பா போனா பாடிக்குள்ள ஃபால்ட்னு ஒண்ணு திரும்பி வரும். 1.1 வந்தது 2000ல, 1.2 வெப் ஸ்டாண்டர்ட் போடற டபிள்யூ3சியோட பரிந்துரையா ஆனது 2003ல. பழைய க்ரிட் சாஃப்ட்வேர் பெரும்பாலும் 1.1 பேசும், ரெண்டுக்கும் நேம்ஸ்பேஸ், அதாவது எக்ஸ்எம்எல்ல இது எந்த வகைன்னு காட்டுற அடையாளப் பேர், வேற, அதை மாத்திக் குடுத்தா வெர்ஷன் ஒத்து வரலன்னு ஃபால்ட் வரும்.

டபிள்யூஎஸ்டிஎல், வாய்ல சொல்றப்ப விஸ்டில், கவுன்டர்ல மாட்டி வச்சிருக்கற விலைப்பட்டியல் மாதிரி. இதை மேல இருந்து கீழ படிக்காதீங்க, எல்லாரும் மாட்டிக்கிறது அங்கதான், மேல டைப்ஸ்னு முந்நூறு வரி இருக்கும், பாத்ததும் தூக்கம் வந்துரும். கடைசில இருந்து ஆரம்பிங்க: சர்வீஸ்னு ஒரு பகுதி, அதுக்குள்ள போர்ட், அங்க அட்ரஸ் இருக்கும். அது எந்த பைண்டிங்கைக் காட்டுதுன்னு பாருங்க, பைண்டிங்ல இருந்து போர்ட்டைப்புக்கு போங்க, அங்கதான் என்னென்ன ஆபரேஷன்னு இருக்கும், வேணுங்கற ஒரு ஆபரேஷனோட மெசேஜை மட்டும் பிடிச்சு டைப்ஸ்ல தேடுங்க. பைண்டிங்ல டாக்குமென்ட் லிட்டரல்னு இருந்தா நிம்மதி. ஆர்பிசி என்கோடட்னு இருந்தா அது டபிள்யூஎஸ்-ஐ பேசிக் புரொஃபைலே (வெப் சர்வீஸெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் பேச போட்ட விதித் தொகுப்பு) வேண்டாம்னு ஒதுக்கினது, இப்ப இருக்கற டூல் பலதும் அதைத் தொடாது.

யுடிடிஐ, அதாவது எந்த சர்வீஸ் எங்க இருக்குன்னு தேடற ரெஜிஸ்ட்ரிக்கான ஸ்டாண்டர்ட், அதைப் பத்தி அரை நாள் படிக்க சொல்லுவாங்க, படிக்க வேண்டாம். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், சாப் மூணு பேரும் சேர்ந்து நடத்தின பொது ரெஜிஸ்ட்ரியை 2006 ஜனவரியிலயே இழுத்து மூடிட்டாங்க.

செஞ்சு பாக்க வேண்டியது: அதே கால்குலேட்டரை எழுதுங்க, ஆனா க்ளையன்ட் கோட் ஜெனரேட் பண்ணி மூடிட்டு போகாம, ஒயர்ல போற எக்ஸ்எம்எல்லைத் திறந்து பாருங்க. அப்புறம் வேணும்னே கெடுங்க, நேம்ஸ்பேஸ்ல ஒரு எழுத்தை மாத்துங்க, நம்பர் வர்ற இடத்துல உங்க பேரைப் போடுங்க, எந்தத் தப்புக்கு எந்த ஃபால்ட் வருதுன்னு நோட்ல எழுதி வைங்க. பின்னாடி க்ரிட்ல வர்ற பாதி எரர் இதே முகத்தோடதான் வரும்.

ரசீது போடுற சர்வீஸ்

இப்ப நிஜ விஷயத்துக்கு வர்றோம், இங்க நேரம் செலவு பண்ணுங்க.

ஒரு கணக்கு சர்வீஸ் எழுதுங்க. அதுல ரெண்டு கவுன்டர். ஒண்ணு ஃபேக்டரி, "புதுக் கணக்கு திற"ன்னு கேட்டா ஒரு சாவி குடுக்கும். இன்னொண்ணு அந்தச் சாவியோட வந்து "10 சேரு", "இப்ப எவ்வளவு இருக்கு"ன்னு கேக்கற கவுன்டர். சாவியை பாடில போடாம சோப் ஹெட்டர்ல போடுங்க. ரெண்டு க்ளையன்ட் ஒரே நேரத்துல வேற வேற சாவியோட வந்து கலந்து போகாம இருக்கான்னு பாருங்க. அப்புறம் சர்வரைக் கொன்னுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணி பழைய சாவியைக் குடுங்க. மெமரில மட்டும் வச்சிருந்தா கணக்கு காணாம போயிருக்கும். அடிக்கட்டையை டிஸ்க்ல எழுதி வைக்கணும்னு அப்ப தானா புரியும்.

இப்ப நீங்க எழுதினதுக்கு ஸ்டாண்டர்ட் போட்டவங்க என்ன பண்ணாங்கன்னு பாக்கலாம். 2002 பிப்ரவரில க்ரிட்டுக்கு ஸ்டாண்டர்ட் போடற குளோபல் க்ரிட் ஃபோரம் கூடினப்ப ஓஜிஎஸ்ஏன்னு ஒரு ஆர்க்கிடெக்சரை அறிமுகம் பண்ணாங்க, க்ளோபஸ் ஆளுங்களும் ஐபிஎம்மும் சேர்ந்து. அது வரைபடம் மட்டும், கட்டடம் கிடையாது. அதைக் கட்ட வந்த முதல் ஸ்பெக் 2003ல ஓஜிஎஸ்ஐ, அதை வச்சு ஜிடி3, அதாவது க்ளோபஸ் டூல்கிட்டோட மூணாவது வெர்ஷன், வந்துச்சு. அதுல ரசீதுக்குப் பதிலா ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு தனி டைலரையே கடையில உக்கார வச்ச மாதிரி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வீஸ் இன்ஸ்டன்ஸ். போதாக்குறைக்கு விஸ்டிலையே நீட்டி ஜிவிஸ்டில்னு தனியா ஒண்ணு பண்ணாங்க, ஊர்ல இருக்கற மத்த வெப் சர்வீஸ் டூல் எதுக்கும் அது புரியல. எல்லாருக்கும் பொதுவான மொழி வேணும்னு கிளம்பிட்டு தனி பாஷை பேச ஆரம்பிச்சா யார் வருவா?

அடுத்த வருஷமே, 2004 ஜனவரில, ஓஜிஎஸ்ஐக்குப் பதிலா டபிள்யூஎஸ்ஆர்எஃப்னு ஒரு ஸ்பெக் குடும்பத்தை அறிவிச்சாங்க. இதுல டைலர் ஒருத்தர், ரசீது ஆயிரம். சர்வீஸ் எதையும் ஞாபகம் வச்சுக்காது, ஞாபகம் எல்லாம் ரிசோர்ஸ்ங்கற தனி பொருள்ல இருக்கும், ரெண்டையும் சேத்துக் காட்டுற ரசீதுக்கு இபிஆர்னு பேர், அதாவது எண்ட்பாயின்ட் ரெஃபரன்ஸ். அட்ரஸும் இருக்கும், கூடவே உங்க கணக்கு சர்வீஸ்ல இருந்த சாவியும் இருக்கும். மிச்சத்தை டைலர் கடையை வச்சே பிரிச்சுக்கலாம்: "எந்த அளவுல இருக்கு"ன்னு கேக்கறது ரிசோர்ஸ் ப்ராபர்ட்டீஸ், பின்னாடி பொடி எழுத்துல இருக்கற கெடு ரிசோர்ஸ் லைஃப்டைம், எல்லா அடிக்கட்டையும் கோத்து வச்ச புக் சர்வீஸ் குரூப், "துணி கிழிஞ்சு போச்சுங்க"ன்னு எல்லா கடையும் ஒரே மாதிரி சொல்றதுக்கு பேஸ் ஃபால்ட்ஸ். முடிஞ்சதும் ஃபோன் பண்றது டபிள்யூஎஸ்-நோட்டிஃபிகேஷன், அது தனி ஸ்பெக் குடும்பம்.

கெடு விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. க்ளையன்ட் ரசீதைத் தொலைச்சுட்டாலோ லேப்டாப் செத்துப் போனாலோ, அந்த ரிசோர்ஸ் சர்வர்ல அனாதையா கிடக்கும். இப்படி ஆயிரம் சேர்ந்தா சர்வர் படுத்துரும். அதனாலதான் கெடு வச்சு, வேணும்னா க்ளையன்ட் வந்து நீட்டிக்கட்டும், வரலனா தானா அழியட்டும்னு வச்சாங்க. உங்க கணக்கு சர்வீஸ்லயும் ஒரு பத்து நிமிஷக் கெடு போட்டுப் பாருங்க.

இபிஆர் பத்தி ஒரு எச்சரிக்கை. அதுக்குள்ள சாவி கண்ணுக்குத் தெரியுதேன்னு அதைப் பிரிச்சு எடுத்து நீங்களா புதுசா ஒட்டாதீங்க. அது சர்வரோட சொந்த விஷயம், நாளைக்கு வடிவம் மாறலாம். வந்ததை வந்த மாதிரியே ஃபைல்ல எழுதி வச்சு அப்படியே திருப்பிக் குடுங்க. ஜிடி4ல வேலை அனுப்பற கமாண்டே இதுக்கு வசதி வச்சிருந்துச்சு, பேட்ச் மோட்ல அனுப்பினா இபிஆரை ஒரு ஃபைல்ல போட்டுத் தரும், மறுநாள் அந்த ஃபைலைக் காட்டி என்ன ஆச்சுன்னு கேக்கலாம்.

சர்டிபிகேட்

புதுசா வர்றவங்க அழுவறது இங்கதான், ஸ்பெக் புரியாம இல்ல, சர்டிபிகேட் வேலை செய்யாம.

க்ரிட்ல உங்களுக்கு யூசர்நேம் பாஸ்வேர்ட் கிடையாது, எக்ஸ்.509 சர்டிபிகேட் இருக்கும். எல்லா சைட்டும் நம்பற ஒரு சர்டிபிகேட் அதாரிட்டி அதுல கையெழுத்து போட்டிருக்கும், இந்தியாவுல இதுக்குன்னு மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் ஒரு அதாரிட்டி வச்சு நடத்துச்சு, அவங்களோட கருடாங்கற தேசிய க்ரிட்டுக்காக. நீங்க பழகறதுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் வச்சு உங்க சொந்த அதாரிட்டியையே உண்டாக்கிக்கலாம், ஒரு விர்ச்சுவல் மெஷின்ல சர்வர், இன்னொண்ணுல க்ளையன்ட்.

உங்க வேலை நடுராத்திரி ஓடறப்ப மூணாவது ஒரு இடத்துல இருக்கற உங்க ஃபைலை எடுக்கணும், அப்ப நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. அந்த வேலை உங்க சார்புல போய் நிக்கணும்னா கையில ஏதாவது வேணும், உங்க நிஜ ப்ரைவேட் கீயைக் குடுத்தா கதை கந்தல். அதனால ப்ராக்ஸி சர்டிபிகேட், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இவரை என் ஆளா நெனச்சுக்கோங்க"ன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் குடுக்கற கடுதாசி. புதுசா ஒரு ஜோடி கீ பண்ணி அதுல உங்க கீயால சைன் பண்ணும். 2004ல ஆர்எஃப்சி 3820ஆ வந்துச்சு. க்ளோபஸ்ல சும்மா விட்டா 12 மணி நேரம் செல்லும். இந்த ப்ராக்ஸியோட கீக்கு பாஸ்வேர்ட் கிடையாது, அதனால ஃபைல் பர்மிஷன் 600 இல்லனா டூலே எடுத்துக்காது, திட்டும்.

12 மணி நேரம் போதும்னு தோணும். வேலை 6 மணி நேரம்தானே? ஆனா க்யூல 10 மணி நேரம் நின்னுட்டு ஓட ஆரம்பிச்சா கணக்கெல்லாம் போட்டு முடிச்சு ரிசல்ட்டை உங்க ஸ்டோரேஜ்ல கொண்டு போடறப்ப கடுதாசி காலாவதி. வேலை ஃபெயில்னு வரும், லாக்ல பாத்தா கணக்கு சரியா முடிஞ்சிருக்கும், வயிறு எரியும். நீளமான வேலைக்கு மைப்ராக்ஸி மாதிரி, ப்ராக்ஸியைப் பத்திரமா வச்சிருந்து கேட்டா புதுசா தர்ற சர்வர் ஒண்ணை வச்சு நடுவுல புதுப்பிச்சுக்கணும்.

எரர் வந்தா நான் பாக்கற வரிசை: முதல்ல ரெண்டு மெஷினோட கடிகாரம். அப்புறம் கீ ஃபைல் பர்மிஷன், அப்புறம் எதிர்ப்பக்கத்து அதாரிட்டியோட சர்டிபிகேட் நம்ம நம்பிக்கை ஃபோல்டர்ல இருக்கா, அப்புறம் ஹோஸ்ட் சர்டிபிகேட்ல இருக்கற பேரும் நீங்க கூப்பிடற பேரும் ஒண்ணா, ரத்துப் பட்டியல் காலாவதி ஆயிருச்சா, கடைசில க்ரிட்-மேப்ஃபைல், அதாவது உங்க நீளமான சர்டிபிகேட் பேரை அந்த மெஷின்ல இருக்கற எந்த லோக்கல் யூசரா மாத்தணும்ங்கற பட்டியல். கடிகாரத்தை முதல்ல வச்சது அனுபவம். ஒரு தடவை விர்ச்சுவல் மெஷினை சஸ்பெண்ட் பண்ணிட்டு சாப்பிடப் போய் வந்தேன், அது எழுந்தப்ப அதோட நேரம் இருபது நிமிஷம் பின்னாடி. புதுசா போட்ட ப்ராக்ஸியை சர்வர் இன்னும் பொறக்கலன்னு ஒதுக்குது, நான் மத்தியானம் பூரா அதாரிட்டியை அழிச்சு அழிச்சு கட்டிட்டு இருந்தேன். மெஷின் கடிகாரத்தைத் தானா சரி பண்ற என்டிபி போட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

வேலை அனுப்பறது, டேட்டா நகத்தறது

வேலை என்னன்னு எழுத ஒரு பொதுவான படிவம் வேணும், அதுதான் ஜேஎஸ்டிஎல், 1.0 வந்தது 2005 நவம்பர்ல. நாலு பகுதி: வேலைக்கு என்ன பேர், எந்த ப்ரோக்ராம் எந்த ஆர்க்யூமென்ட்டோட, எவ்வளவு சிபியு மெமரி, எந்த ஃபைலை எங்க இருந்து கொண்டு வந்து முடிச்சதும் எங்க கொண்டு போடணும். கடைசிப் பகுதியை ஒழுங்கா எழுதுங்க, புதுசா எழுதறவங்க இன்புட்டுக்கு சோர்ஸ் போட்டுட்டு அவுட்புட்டுக்கு டார்கெட் போட மறந்துருவாங்க, வேலை ஜம்முனு முடியும், ரிசல்ட் க்ளீனப்ல அழிஞ்சு போகும்.

படிவத்தை வாங்கற கவுன்டர் பிஇஎஸ். ஆக்டிவிட்டி உண்டாக்குன்னு ஜேஎஸ்டிஎல்லைக் குடுத்தா இபிஆர் வரும், பாருங்க, மறுபடி அதே ரசீது. அதை வச்சு நிலைமை கேக்கலாம், நிறுத்த சொல்லலாம். அடிப்படை நிலைகள் அஞ்சு: காத்திருக்கு, ஓடுது, முடிஞ்சுது, ஃபெயில், ரத்து. ஜெர்மனில பொறந்த யூனிகோர் மாதிரி க்ளோபஸ் வழியில வராத சாஃப்ட்வேரும் இதைப் பேசுச்சு.

டேட்டாவை சோப்புக்குள்ள வச்சு அனுப்ப நினைக்காதீங்க. ஒரு டெராபைட்டை எக்ஸ்எம்எல்லா மாத்தினா அது எங்க போய் நிக்கும். பேச்சு மட்டும் சோப்ல, சரக்கு க்ரிட்எஃப்டிபில, அதாவது பெரிய ஃபைலை நகத்தறதுக்குன்னு க்ரிட்டுக்கு ஏத்த மாதிரி நீட்டின எஃப்டிபில. கன்ட்ரோல் போர்ட் 2811, ஆனா டேட்டாவுக்கு இணையா பல கனெக்ஷன் திறக்கும், அதுக்கு ஃபயர்வால்ல ஒரு போர்ட் ரேஞ்ச் ஒதுக்கி, அதையே என்விரான்மென்ட் வேரியபிள்லயும் சொல்லணும். லாகின் ஆகுது, லிஸ்ட் பண்ணப் போனா தொங்குதுன்னா கண்ணை மூடிட்டு இதைப் பாருங்க. டேப்ல இருக்கற ஃபைலைக் கேக்கறதுக்கு எஸ்ஆர்எம்னு ஒரு சோப் சர்வீஸ், டேப்பைத் தேடி டிஸ்க்குக்குக் கொண்டு வர நேரம் ஆகும்ல, அதனால ரிக்வெஸ்ட் டோக்கன்னு ஒண்ணு குடுத்து அப்புறம் வந்து கேக்க சொல்லும். எஸ்ஆர்எம் டபிள்யூஎஸ்ஆர்எஃப் பக்கமே போகல, வெறும் ஒரு ஸ்ட்ரிங்ல ரசீதை முடிச்சுட்டாங்க, பல வருஷம் நல்லா ஓடுச்சு.

இப்ப என்ன நிலைமை

நேர்மையா சொல்லிடறேன், இன்னைக்கு யாரும் புதுசா டபிள்யூஎஸ்ஆர்எஃப்ல எழுதறது இல்ல. ஸ்டாண்டர்ட் அமைப்பான ஓயாசிஸ் அதுக்கு முத்திரை குத்தினது 2006 ஏப்ரல்ல, அதுக்கு முந்தின மாசம்தான் அமேசானோட க்ளவுட் ஸ்டோரேஜ் எஸ்3 வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் பக்கம் டபிள்யூஎஸ்-ட்ரான்ஸ்ஃபர்னு போட்டி ஸ்பெக் வேற. க்ளோபஸே ஜிடி5ல வேலை அனுப்பற வெப் சர்வீஸைக் கழட்டிப் போட்டுட்டு வெப் சர்வீஸ் இல்லாத பழைய கிராம் (க்ளோபஸோட வேலை அனுப்பற பகுதிக்குப் பேர்) வழிக்குத் திரும்பிருச்சு, 2018ல டூல்கிட்டோட சப்போர்ட்டையும் நிறுத்திட்டாங்க, அதோட கோடை ஒரு சமூகக் குழு க்ரிட் கம்யூனிட்டி டூல்கிட்னு எடுத்து வச்சிருக்கு. அதனால ஜிடி4ஐ இன்ஸ்டால் பண்ண ஒரு வாரம் செலவு பண்ணாதீங்க, பரீட்சைக்கு வேணும்னா ஒழிய. சேர்ன் க்ரிட்ல க்ரிட்எஃப்டிபி இடத்துக்கு எச்டிடிபி வந்தாச்சு, ப்ராக்ஸி சர்டிபிகேட் இடத்துக்கு டோக்கன்கள் வந்துட்டு இருக்கு, வேலை அனுப்ப எச்டிகான்டர்-சிஇயும் ஆர்க்கும்.

கடைசிப் பயிற்சி, உங்க கணக்கு சர்வீஸை ரெஸ்ட்ல, அதாவது சோப் கவர் இல்லாம எச்டிடிபியோட போஸ்ட், கெட், டிலீட்டை வச்சே, திரும்ப எழுதறது. க்ளையன்ட் புதுசா ஒரு வேலையைப் போஸ்ட் பண்ணா 202 திருப்பி அனுப்புங்க, லொக்கேஷன் ஹெட்டர்ல ஒரு யுஆர்எல். இபிஆர்ல அட்ரஸும் சாவியும் தனித்தனியா இருந்துச்சுல்ல, இங்க ரெண்டும் அந்த ஒரு யுஆர்எல்லுக்குள்ள அடங்கிருச்சு. கெட் போட்டா நிலைமை, டிலீட் போட்டா ரத்து, ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர்ல எப்ப திரும்ப வந்து கேக்கணும்னு சொல்லிடுங்க, இல்லனா க்ளையன்ட் வினாடிக்கு பத்து தடவை வந்து காலர் முடிஞ்சுதான்னு நச்சரிப்பான். கெடு போடறதை மட்டும் பல ஏபிஐல மறந்துடறாங்க, டபிள்யூஎஸ்ஆர்எஃப் படிச்ச நீங்க மறக்க மாட்டீங்க. கெடு முடிஞ்ச ரசீதோட யாராவது வந்தா 404 குடுக்காதீங்க, 410 குடுங்க. 404னா அப்படி ஒரு ரசீதே எங்ககிட்ட இல்ல, 410னா ரசீது போட்டது உண்மை, ஆனா ஒரு மாசம் தாண்டிருச்சு, துணியைத் தூக்கிட்டோம். எதிர்ல இருக்கற க்ளையன்ட் ப்ரோக்ராமருக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சா அரை நாள் மிச்சம்.